சின்னமும் சட்டமும் – 9: எட்டு சதவீதமும் ஓர் இடமும்

தேர்தல்களை மேற்பார்வையிடவும் நெறிப்படுத்தவும் கட்டுப்படுத்தவும் அரசியலமைப்பின் 324ஆம் கூறு தேர்தல் ஆணையத்துக்கு அளித்த அதிகாரத்திலிருந்து, 1968 ஆகஸ்ட் 31 அன்று தேர்தல் சின்னங்கள் ஆணை பிறந்த கதையையும், அது செல்லத்தக்கதே என்று 1985இல் கன்னையா லால் ஓமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கதையையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் கூறின.

எழுத்தறிவு பெற்றோர் ஐவரில் ஒருவர்கூட இல்லாத நாட்டில் 1951–52இல் முதல் பொதுத் தேர்தலை நடத்திய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், தேசியக் கட்சி என்ற தகுதி கேட்டு வந்த 29 கட்சிகளில் 14 கட்சிகளுக்கு அதை வழங்கினார். வாக்குகள் எண்ணப்பட்ட பிறகு, 3 சதவீத வாக்கு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அந்தப் பதினான்கில் நான்கே எஞ்சின. அளவுகோல் ஒன்றை வைத்துக் கட்சிகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் அன்று தொடங்கியது.

அந்த அளவுகோல் எதை அளக்க வேண்டும், மக்கள் அளித்த வாக்கையா, அவற்றால் கிடைத்த இடங்களையா என்ற வினா அரை நூற்றாண்டுக் காலம் பெரிதாக எழவில்லை. அதை எழுப்பியது தமிழ்நாட்டில் பிறந்து ஓராண்டுகூட நிறையாத ஒரு கட்சி.

இரண்டு பாதைகள்

1968ஆம் ஆண்டின் ஆணை, ஒரு மாநிலத்தில் அங்கீகாரம் பெற விரும்பும் கட்சிக்கு இரண்டு தனித்தனிப் பாதைகளை வகுத்திருந்தது.

முதல் பாதையில், கட்சி தொடர்ந்து ஐந்தாண்டுகள் அரசியல் பணியில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பதோடு, மக்களவையில் அம்மாநிலத்துக்குரிய ஒவ்வொரு 25 இடங்களுக்கும் அதன் பின்னத்துக்கும் ஓர் உறுப்பினரையோ, சட்டப்பேரவையின் ஒவ்வொரு 30 இடங்களுக்கும் அதன் பின்னத்துக்கும் ஓர் உறுப்பினரையோ வெற்றி பெறச் செய்திருக்க வேண்டும். 234 இடங்கள் கொண்ட தமிழகப் பேரவைக்கு இது எட்டு உறுப்பினர்கள் என்று கணக்காகும்.

இரண்டாவது பாதையில் இடங்கள் பற்றிய பேச்சே இல்லை. மாநிலத்தில் பதிவான செல்லத்தக்க வாக்குகளில் 4 சதவீதத்தைக் கட்சியின் வேட்பாளர்கள் பெற்றிருந்தால் போதும். தோல்வியுற்றவர்களில் தம் தொகுதியின் வாக்குகளில் பன்னிரண்டில் ஒரு பங்கையும் எட்டாதவர்களின் வாக்குகள் மட்டும் கணக்கில் சேரா; ஆங்காங்கே பெயருக்கு நிறுத்தப்பட்ட வேட்பாளர்களைக் கொண்டு சதவீதத்தை உயர்த்திக் காட்டுவதைத் தடுக்கவே இந்தக் கழிவு ஏற்பட்டது என்று கொள்ளலாம்.

இந்த இரண்டாவது பாதையின் முக்கியத்துவம், அது இருந்த காலத்தில் போதிய அளவு உணரப்படவில்லை. ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரும் வெற்றியாளராகும் தேர்தல் முறையில், மாநிலம் முழுவதும் பரவலாக ஆதரவு பெற்று எந்தத் தொகுதியிலும் முதலிடம் பெறாத கட்சிக்குச் சட்டம் விட்டுவைத்திருந்த ஒரே வாசல் அதுவே.

வாசல் அடைபட்டது

2000ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையம் தன் ஆணையைத் திருத்தியது. 2005இல் அந்த விதிகள் 6அ, 6ஆ, 6இ என்ற பத்திகளாகத் திருத்தி அமைக்கப்பட்டன. புதிய விதிப்படி, சட்டப்பேரவைத் தேர்தலில் 6 சதவீத வாக்குகளைப் பெறும் கட்சி, அத்துடன் குறைந்தது இரண்டு பேரவை உறுப்பினர்களையும் பெற்றிருக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் 6 சதவீதம் பெறும் கட்சி, அம்மாநிலத்திலிருந்து ஒரு மக்களவை உறுப்பினரையாவது பெற்றிருக்க வேண்டும்.

வாக்குச் சதவீதத்தைக் காட்ட இயலாத கட்சிகளுக்கோ, பேரவையின் மொத்த இடங்களில் 3 சதவீதம் அல்லது மூன்று இடங்கள், இவற்றில் எது கூடுதலோ அது போதும் என்று இன்னொரு வழி வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது ஏழு இடங்கள். மக்களவையில் 25 இடங்களுக்கு ஒருவர் என்ற பழைய வழியும் நீடித்தது.

இத்திருத்தத்தின் போக்கைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. வாக்குகள் சிறிதும் தேவைப்படாமல் இடங்களை மட்டும் காட்டி அங்கீகாரம் பெறும் வழிகள் இருந்தன. இடங்கள் இல்லாமல் வாக்குகளை மட்டும் காட்டி அங்கீகாரம் பெறும் வழி ஒன்றுகூட எஞ்சவில்லை.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக வந்த மாற்றம் அன்று இது. சின்னங்கள் ஆணை என்பது ஆணையம் தானே பிறப்பித்துத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு கருவி. ஆகவே கட்சிகளின் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்கும் இந்த மாற்றம், எந்த அவையிலும் விவாதிக்கப்படாமல், அரசிதழில் வெளியான ஓர் அறிவிக்கையின் மூலம் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துக் குரல் எழுப்பும் தேவையும் அப்போது எந்தப் பெரிய கட்சிக்கும் இருக்கவில்லை.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

இக்கதையின் அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ள, பதிவு, அங்கீகாரம் ஆகிய இரண்டுக்கும் இடையிலான தொலைவை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டு, 1989 முதல் நடப்பில் உள்ள 29அ பிரிவின்படி, கட்சி தொடங்கிய 30 நாள்களுக்குள் விண்ணப்பித்து, அரசியலமைப்புக்கும், சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய நெறிகளுக்கும் கட்டுப்படுவதாகத் தன் அமைப்பு விதிகளில் உறுதி கூறும் எந்த அமைப்பும் கட்சியாகப் பதிவு பெறலாம். அப்பதிவுக்கு வாக்கு பலம் எதுவும் தேவையில்லை.

அங்கீகாரம் என்பது அதற்கு அடுத்த படி; உண்மையான பயன்கள் அங்கேதான் தொடங்குகின்றன. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு வேட்புமனுவில் ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும்; வாக்குச்சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், பதிவு மட்டும் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் அடுத்தும், சுயேச்சைகள் இறுதியிலும் இடம்பெறுவர்; பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராத நட்சத்திரப் பேச்சாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கு 20 பேர்.

வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர் ஒருவர் இறந்தால், அவர் அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சேர்ந்தவராயின் அத்தொகுதியின் தேர்தல் தள்ளிவைக்கப்படும். மற்றவராயின் தேர்தல் குறித்த நாளிலேயே நடைபெறும். வானொலியிலும் தூர்தர்ஷனிலும் இலவசமாகப் பேசும் நேரமும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு உரியது.

இவை அனைத்தையும்விடப் பெரியது சின்னம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒதுக்கப்பட்ட சின்னம் அம்மாநிலம் முழுவதும் அதற்கே உரியது, வேறு எவரும் அதைத் தொட இயலாது. அங்கீகாரம் இல்லாத கட்சியின் வேட்பாளரோ, யாருக்கும் ஒதுக்கப்படாத பொதுப் பட்டியலிலிருந்து ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். அதே சின்னத்தைத் தொகுதியில் இன்னொருவரும் கேட்டால் கிடைக்காமலும் போகலாம்.

வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகே இத்தகைய வேட்பாளருக்குச் சின்னம் உறுதியாகும் என்பதால், பல ஆண்டுகளாகச் சுவர்களில் இடம்பிடித்த சின்னங்களோடு, சில நாள்களுக்கு முன் கிடைத்த ஒரு படம் போட்டியிட வேண்டியிருந்தது. கட்சியின் பெயரை வாசிக்க இயலாத முதிய வாக்காளருக்கு அந்தப் படமே கட்சி என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வேறுபாட்டின் கனம் விளங்கும்.

2006 மே 11

2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் நடிகர் விஜயகாந்த் தொடங்கிய தேசிய முற்போக்கு திராவிடக் கழகம் (தேமுதிக), எட்டே மாதங்களில் சட்டப்பேரவைத் தேர்தலைச் சந்தித்தது. திமுக தலைமையில் ஒரு பெரிய அணியும் அதிமுக தலைமையில் இன்னொரு பெரிய அணியும் களத்தில் நின்ற அத்தேர்தலில், அக்கட்சி எந்த அணியிலும் சேராமல் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்துப் போட்டியிட்டது.

மே 11 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. விருத்தாசலத்தில் விஜயகாந்த் வென்றார். அவரைத் தவிர அக்கட்சியில் எவரும் வெல்லவில்லை.

ஆனால் வாக்குக் கணக்கு வேறொன்றைக் கூறியது. தேமுதிக 8.38 சதவீத வாக்குகளை, அதாவது 27 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருந்தது. அதே தேர்தலில், திமுக அணியில் இடம்பெற்று 48 தொகுதிகளில் போட்டியிட்ட காங்கிரஸ் கட்சி பெற்றதும் அதே 8.38 சதவீதமே. இரு கட்சிகளுக்கும் இடையிலான வாக்கு வேறுபாடு மிகச் சொற்பம்.

காங்கிரசுக்குக் கிடைத்தவை 34 இடங்கள். தேமுதிகவுக்குக் கிடைத்தது ஓர் இடம்.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், இடங்கள் என்பவை கட்சியின் வலிமையை மட்டும் காட்டவில்லை, அது யாரோடு சேர்ந்து நின்றது என்பதையும் காட்டுகின்றன என்பது புலப்படும். அணியில் சேர்ந்த கட்சிக்கு, தன் வேட்பாளர் நிற்கும் தொகுதியில் கூட்டாளிகளின் வாக்குகளும் வந்து சேர்கின்றன. தனித்து நின்ற கட்சிக்குத் தன் வாக்கு மட்டுமே துணை.

இடங்களை அளவுகோலாக்கிய விதியின் விளைவுகள் அத்தேர்தலில் இன்னும் சில கட்சிகளிடமும் தென்பட்டன. 6 சதவீதத்தை எட்டாத பாட்டாளி மக்கள் கட்சி 18 இடங்கள் பெற்றதால் பாதுகாப்பாக நின்றது. மறுமலர்ச்சி திமுகவோ 6 இடங்களும் 5.98 சதவீத வாக்குகளும் பெற்றிருந்தது; ஏழு இடங்கள் என்ற வரம்புக்கு ஓர் இடமும், 6 சதவீதம் என்ற வரம்புக்கு ஒரு சதவீதத்தின் ஐம்பதில் ஒரு பங்கும் குறைவு. அக்கட்சி பின்னர் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தை இழந்தது.

ஆணையத்தின் மறுப்பு

அங்கீகாரம் கோரிய தேமுதிகவுக்குக் கிடைத்த பதில் விதியின் எழுத்தைப் பொறுத்தவரை பிழையற்றது. 6 சதவீதம் என்ற நிபந்தனை நிறைவேறியிருந்தது. இரண்டு உறுப்பினர்கள் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. இரண்டும் சேர்ந்தே தேவை என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டுக்கு முந்தைய விதி நடப்பில் இருந்திருந்தால், வாக்குகளை மட்டும் காட்டும் பாதை திறந்திருக்கும்; இந்த வழக்கு எழுந்திருக்குமா என்பதே ஐயம். திருத்தம் வகுக்கப்பட்டபோது யாரைப் பாதிக்கும் என்று எவரும் பெயர் சொல்லியிருக்க இயலாத ஒரு விதி, அதன் பின்னர் தோன்றிய ஒரு கட்சியின் வாசலில் வந்து நின்றது.

2008இல் தேமுதிக, அரசியலமைப்பின் 32ஆம் கூற்றின் கீழ், அதாவது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்ற வழியில், நீதிப்பேராணை மனுவைத் தாக்கல் செய்தது. திருத்தப்பட்ட விதி சமத்துவத்தை உறுதிசெய்யும் 14ஆம் கூற்றுக்கு மாறானது, தன்னிச்சையானது என்பது அம்மனுவின் சாரம்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே 2009 மக்களவைத் தேர்தல் வந்தது. அதே வேளையில் ஆந்திரத்தில் நடிகர் சிரஞ்சீவி தொடங்கிய பிரஜா ராஜ்யம் கட்சியும், தன் வேட்பாளர் அனைவருக்கும் ஒரே சின்னம் வேண்டும் என்று கோரி உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. இடைக்கால ஏற்பாடாகப் பொதுச் சின்னம் கிடைக்க நீதிமன்றம் வழிசெய்தது. ஆனால் அடிப்படை வினா அப்படியே நின்றது.

அத்தேர்தலில் மீண்டும் தனித்துப் போட்டியிட்ட தேமுதிக, தமிழ்நாட்டில் 10 சதவீதத்துக்கும் சற்று மேலான வாக்குகளைப் பெற்றது. வென்ற இடம் ஒன்றுகூட இல்லை. மக்களவைத் தேர்தலுக்கான விதியும் குறைந்தது ஓர் உறுப்பினரைக் கேட்டதால், மாநிலத்தின் வாக்காளர்களில் பத்தில் ஒருவர் தேர்ந்தெடுத்த கட்சி சட்டத்தின் பார்வையில் அங்கீகாரத்துக்குத் தகுதியற்றதாகவே நீடித்தது.

ஒரே ஆண்டில் இரண்டு திருப்பங்கள்

2011ஆம் ஆண்டு, இவ்வரலாற்றில் மிக நிதானமாக நோக்கப்பட வேண்டிய ஆண்டு.

அவ்வாண்டின் சட்டப்பேரவைத் தேர்தலில் தேமுதிக தனித்து நிற்கும் போக்கைக் கைவிட்டு அதிமுக அணியில் சேர்ந்து 41 தொகுதிகளில் போட்டியிட்டது. மே 13 அன்று முடிவுகள் வெளியானபோது 29 இடங்கள் அக்கட்சிக்குக் கிடைத்திருந்தன. 23 இடங்களே பெற்ற திமுகவைப் பின்தள்ளி அது முதன்மை எதிர்க்கட்சியானது. ரிஷிவந்தியத்தில் வென்ற விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அத்தேர்தலில் அக்கட்சி பெற்ற வாக்கு 7.88 சதவீதம். 2006இல் பெற்றதைவிடவும் குறைவு. 2009இல் பெற்றதைவிடவும் குறைவு. ஆயினும் இம்முறை அங்கீகாரம் கேள்விக்கிடமின்றிக் கிடைத்தது, முரசு சின்னம் அதற்கே உரியதாயிற்று.

மக்கள் ஆதரவு மிகுந்திருந்தபோது மறுக்கப்பட்ட ஒன்று, அது குறைந்தபோது வழங்கப்பட்டது என்றால், அளவுகோல் எதை அளந்துகொண்டிருந்தது என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு ஆணையத்தைக் குறை கூறுவதில் பயனில்லை, அது தன் விதியைத் தவறாமல் பின்பற்றியது. குறை விதியின் அமைப்பில் இருந்தது. தனித்து நின்று மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்ட கட்சியைத் தண்டித்து, பெரிய கட்சியின் நிழலில் சேர்ந்த பிறகு அதற்குப் பரிசளித்த விதி, சிறு கட்சிகள் அனைத்துக்கும் தெளிவான ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டது.

இரண்டாவது திருப்பம் செப்டம்பரில் நிகழ்ந்தது. வழக்கு இன்னும் நிலுவையில் இருந்த நிலையில், ஆணையம் தன் ஆணையை மீண்டும் திருத்தியது. மாநிலத்தில் நடைபெறும் மக்களவை அல்லது சட்டப்பேரவைப் பொதுத் தேர்தலில் 8 சதவீத வாக்குகளைப் பெறும் கட்சி, ஓர் இடத்தில்கூட வெல்லாவிட்டாலும் மாநிலக் கட்சியாக அங்கீகரிக்கப்படும் என்ற புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது.

2000இல் அடைபட்ட வாசல் திறந்தது, ஆனால் அதன் படியின் உயரம் இரு மடங்காயிற்று. 1968இல் 4 சதவீதமாக இருந்தது இப்போது 8 சதவீதம். இந்த உட்பிரிவு 2006இல் இருந்திருந்தால் தேமுதிக அன்றே உள்ளே நுழைந்திருக்கும். அது வந்து சேர்ந்த வேளையில் அக்கட்சிக்கு அது தேவைப்படவில்லை, 7.88 சதவீதம் பெற்றிருந்த நிலையில் அதனால் பயனும் இல்லை.

2012 ஏப்ரல் 18

தேமுதிகவுக்கு வேண்டியது கிடைத்துவிட்ட பிறகும், விதியின் செல்லுந்தன்மை பற்றிய வினா நீதிமன்றத்தின் முன் உயிரோடு இருந்தது. நீதிபதிகள் அல்தமஸ் கபீர், சுரீந்தர் சிங் நிஜ்ஜார், ஜஸ்தி செலமேஸ்வர் ஆகிய மூவர் கொண்ட அமர்வு 2012 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது.

கபீர் எழுதிய தீர்ப்பில் நிஜ்ஜார் உடன்பட்டார். கட்சியாகச் செயல்படும் உரிமை ஒன்று, மாநிலக் கட்சியாக அங்கீகரிக்கப்படும் தகுதி வேறொன்று என்பது பெரும்பான்மையோரின் பார்வை. மாநில அரசியலில் தான் பொருட்படுத்தத்தக்க ஓர் ஆற்றல் என்பதைக் கட்சி முதலில் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். அதற்காக ஆணையம் ஒரு வரம்பை வகுத்ததில் நியாயமின்மை எதுவும் இல்லை. வரம்பை எட்டும் எந்தக் கட்சிக்கும் கதவு திறந்தே உள்ளது என்று அத்தீர்ப்பு கூறியது.

இந்தப் பார்வைக்குப் பின்னே நீண்ட மரபு உண்டு. 1971இல் காங்கிரஸ் பிளவு தொடர்பான சாதிக் அலி வழக்கிலிருந்தே, சின்னம் என்பது எழுத்தறியா வாக்காளரின் வசதிக்கான கருவி, அது எந்தக் கட்சியின் சொத்தும் ஆகாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் மேற்கொண்டிருந்தது. சொத்து இல்லாதபோது, அதை யாருக்கு ஒதுக்குவது என்பதை ஆணையம் தீர்மானிப்பதில் உரிமைப் பறிப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பின் நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பதிவு பெற்ற கட்சிகள் நாட்டில் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட நிலையில், அவை அனைத்துக்கும் தனிச் சின்னத்தை நிலையாக ஒதுக்குவது நடைமுறையில் இயலாத காரியம். ஏதேனும் ஒரு வரம்பு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வரம்பு தேவை என்பது ஒரு வினாவுக்கான விடை. அந்த வரம்பு வாக்கைக் கொண்டா, இடங்களைக் கொண்டா வகுக்கப்பட வேண்டும் என்பது வேறு வினா. முதலாவதற்குத் தீர்ப்பு அளித்த விடை உறுதியானது, இரண்டாவதற்கு அளித்த விடை அவ்வளவு நிறைவு தருவதாக இல்லை.

தனித்து நின்ற நீதிபதி

செலமேஸ்வர் உடன்படவில்லை. அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, 6 சதவீதமா 8 சதவீதமா என்ற அளவில் நிற்காமல், அங்கீகாரம் பெற்றவை, பெறாதவை என்று கட்சிகளைப் பிரித்து முன்னவைக்கு மட்டும் சின்னத்தை ஒதுக்கும் முறையின் வேரையே வினவியது.

சின்னம் எழுத்தறியா வாக்காளரின் நலனுக்காகவே உள்ளது என்பதை அவரும் ஏற்றார். அப்படியாயின், குறைந்த வாக்குகள் பெற்ற கட்சியை ஆதரிக்கும் எழுத்தறியா வாக்காளருக்கு மட்டும் அந்த உதவியை ஏன் மறுக்க வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் மையம். கடந்த தேர்தலில் பெற்ற வாக்குகளின் அடிப்படையில் அடுத்த தேர்தலின் கருவியை மறுப்பதற்கும், சின்னங்கள் எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டனவோ அந்த நோக்கத்துக்கும் பகுத்தறிவுக்கு உகந்த தொடர்பு இல்லை என்று கண்ட அவர், சொற்ப வாக்குகளே பெற்றது என்ற காரணத்தால் ஒரு கட்சிக்குச் சின்னத்தை ஒதுக்க மறுக்கும் அளவில் சின்னங்கள் ஆணை 14ஆம் கூற்றுக்கு முரணானது என்று முடிவு செய்தார். சங்கம் அமைக்கும் உரிமையைத் தரும் 19ஆம் கூற்றோடும் இது தொடர்புடையது என்பது அவர் கருத்து.

சிறுபான்மைத் தீர்ப்பு சட்டமாகாது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விதி நிலைபெற்றது, மனு தள்ளுபடியாயிற்று.

எனினும் அதுவரையான வழக்குகளில் அரிதாகவே கேட்ட ஒரு குரல் இத்தீர்ப்பில் பதிவாயிற்று. சாதிக் அலி வழக்கிலும் அதைத் தொடர்ந்த வழக்குகளிலும் சின்னத்துக்காக வாதாடியவர்கள் பெரும்பாலும் ஒரே கட்சியின் பிளவுபட்ட பிரிவினர்; சின்னம் எந்தப் பிரிவுக்கு என்பதே அங்கே வழக்கு. இங்கேயோ, சின்னமே இல்லாதவரின் பக்கத்திலிருந்து முழு ஏற்பாட்டையும் ஒரு நீதிபதி நோக்கினார்.

கரும்பு விவசாயி

தேமுதிகவின் போராட்டத்திடையே பிறந்த 8 சதவீத உட்பிரிவு ஆணையில் நிலைத்தது. தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 சட்டப்பேரவைத் தேர்தலில், அதே நிலையில் இன்னொரு கட்சி வந்து நின்றது.

சீமான் தலைமையிலான நாம் தமிழர் கட்சி அத்தேர்தலில் எந்த அணியிலும் சேராமல் 6.58 சதவீத வாக்குகளை, ஏறத்தாழ 30 லட்சம் வாக்குகளைப் பெற்றது. ஓர் இடத்திலும் வெல்லவில்லை. 6 சதவீதத்தைத் தாண்டியும் உறுப்பினர் இல்லாததால் முதல் வழி மூடப்பட்டிருந்தது, 8 சதவீதத்தை எட்டாததால் புதிய வழியும் திறக்கவில்லை. ஆகவே பதிவு பெற்ற, அங்கீகாரம் பெறாத கட்சியாகவே அது 2024 மக்களவைத் தேர்தலை எதிர்கொண்டது.

இத்தகைய கட்சிகளுக்கென ஆணையத்தின் விதிகளில் ஒரு சலுகை இதற்குள் இடம்பெற்றிருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொகுதிகளில் போட்டியிடும் கட்சி, தேர்தலுக்கு முன்பே விண்ணப்பித்தால், அந்தத் தேர்தலுக்கு மட்டும் ஒரே சின்னத்தைத் தன் வேட்பாளர் அனைவருக்கும் பெறலாம். ஆனால் ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் முதலில் விண்ணப்பித்தவருக்கே அது உரியது. 2019இலும் 2021இலும் கரும்பு விவசாயி சின்னத்தில் போட்டியிட்டு, அதையே தன் அடையாளமாக மாநிலம் முழுவதும் பரப்பியிருந்த நாம் தமிழர் கட்சி, 2024இல் விண்ணப்பித்தபோது அந்தச் சின்னம் தமிழ்நாட்டில் வேறொரு கட்சிக்கு, கர்நாடகத்தைச் சேர்ந்த பாரதிய பிரஜா ஐக்கியதா கட்சிக்கு, ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தது.

முப்பது லட்சம் வாக்காளர்கள் அடையாளம் கண்டு வாக்களித்த ஒரு சின்னம், விண்ணப்பம் வந்து சேர்ந்த வரிசையின் அடிப்படையில் வேறொருவருக்குப் போகலாம் என்றால், செலமேஸ்வர் 2012இல் எழுப்பிய வினாவுக்கு இம்முறை அக்கட்சி அணுகிய டெல்லி உயர் நீதிமன்றம் என்ன விடை அளித்தது? கரும்பு விவசாயியை இழந்து ஒலிவாங்கி சின்னத்துடன் களமிறங்கிய கட்சியால், பழகிய சின்னம் இல்லாமலே 8 சதவீதத்தை எட்ட முடிந்ததா?

(தொடரும்)